டயலுக்குத்தான் காசு: பழைய டிரெஸ் வாட்ச் மீது ஏன் இந்த ஆசை?

தை மாதம் திருமணம் வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "தினமும் ஸ்மார்ட்வாட்ச்தான் கட்டுகிறேன். கல்யாண வரவேற்புக்கு ஒரு பழைய ஒமேகா கான்ஸ்டலேஷன் வாங்க ஆசை. 1960களில் செய்தது, 34 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. இணையத்தில் ஒருவர் 'டயல் புத்தம் புதிது மாதிரி' என்று சொல்லி விற்கிறார். அறுபது வயது வாட்ச்சுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுக்க அதில் அப்படி என்னதான் இருக்கிறது? நம் சிங்கப்பூர் வேர்வைக்குத் தாங்குமா?"

நேரம் பார்ப்பதற்காக என்றால் வாங்க வேண்டாம், தம்பி. அதில் ஒளிவுமறைவே இல்லை. உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்வாட்ச் அதை எப்போதோ தோற்கடித்துவிட்டது. சரியாகச் சொன்னால் அந்தத் தோல்வி 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவிலேயே நடந்துவிட்டது. அன்றைக்குத்தான் செய்கோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது பேட்டரியில் படிகத்தின் அதிர்வை வைத்து ஓடுவதை, 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு விட்டது. அப்புறம் பத்துப் பதினைந்து வருடங்களில் சுவிட்சர்லாந்தின் வாட்ச் தொழிலே ஆட்டம் கண்டது. 1970-ல் சுமார் 90,000 பேர் வேலை பார்த்த தொழிலில் 80களின் நடுவில் முப்பதாயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள். சாவி கொடுத்து ஓட்டும் வாட்ச்களை மக்கள் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டார்கள். இன்று நாம் தேடி வாங்குபவை பெரும்பாலும் அப்படி இழுப்பறையில் கிடந்து தப்பித்தவை.

எல்லாமும் தப்பிக்கவில்லை. 1980 ஜனவரியில் தங்கம் அவுன்ஸுக்கு 850 அமெரிக்க டாலரைத் தொட்டபோது, தங்கக் கூடு உள்ள வாட்ச்கள் ஏராளமாக உருக்கப்பட்டன. உள்ளே இருந்த இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டை மட்டும் எடை போட்டு விற்றார்கள். தங்கம் விலை ஏறும்போதெல்லாம் இது திரும்ப நடக்கிறது. உங்கள் குடும்பத்தில் யாராவது தாத்தாவின் தங்க வாட்ச்சைச் சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்கு எடுத்துப் போகிறேன் என்று கிளம்பினால் தயவுசெய்து நிறுத்துங்கள். நகைக்கடையில் கிராமுக்குத்தான் விலை.

சரி, என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருவோம். டைவிங் வாட்ச்சில் கண் போக நிறைய இடம் உண்டு: சுழலும் வளையம், தடித்த முள், இருட்டில் ஒளிரும் புள்ளி. ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள குரோனோகிராஃபில் மூன்று குட்டி டயல், இரண்டு பொத்தான். ஒரு மூலையில் சின்னக் குறை இருந்தாலும் மற்றவை அதை மறைத்துவிடும். விசேஷங்களுக்கு நல்ல உடையோடு கட்டும் டிரெஸ் வாட்ச்சில் அந்த வசதியே கிடையாது. ஒரு வட்டம், பன்னிரண்டு குறி, இரண்டு அல்லது மூன்று முள், ஒரு பெயர். அவ்வளவுதான். அதனால் இருக்கும் ஒவ்வொன்றும் சரியாக இருந்தே தீர வேண்டும். முள் அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் கண்ணுக்கு உறுத்தும். எழுத்து கொஞ்சம் தடித்தால் முகமே மாறிவிடும். சேகரிப்பவர்கள் பணம் கொடுப்பது இந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான். என்னைக் கேட்டால், விலையில் பெரும்பங்கு டயலுக்கு, அடுத்தது கூட்டின் விளிம்புகளுக்கு. பிராண்டும் தங்கமும் அதற்குப் பிறகுதான்.

இந்த வகைக்கே இலக்கணம் எழுதியது பாடேக் பிலிப் நிறுவனத்தின் கலட்ராவா, ரெஃபரன்ஸ் (மாடல் எண்) 96. வந்த வருடம் 1932. அதே வருடம்தான் ஸ்டெர்ன் சகோதரர்கள் அந்த நிறுவனத்தை வாங்கினார்கள். அகலம் சுமார் 31 மில்லிமீட்டர். இன்றைக்கு அதைப் பெண்கள் வாட்ச் என்பார்கள், அன்று அது ஆண்களுக்கான முழு அளவு. நம் பட்ஜெட்டுக்கு அது எட்டாது, விட்டுவிடுவோம். ஆனால் அதற்குப் பின்னால் வந்த நல்ல டிரெஸ் வாட்ச் ஒவ்வொன்றிலும் அதன் சாயல் இருக்கும்.

நீங்கள் கேட்ட கான்ஸ்டலேஷன் 1952-ல் வந்தது. அதன் பழைய மாடல்களில் எல்லோரும் தேடுவது 'பை-பேன்' டயல். டயலின் நடுப்பகுதி தட்டையாக இருக்கும். ஓரத்தை நெருங்கும்போது பன்னிரண்டு பட்டையாகக் கீழே சரியும், கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி. படத்தில் பார்த்தால் இது புரியாது. கடையில் கையில் வாங்கி, விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சரிவில் உள்ள பட்டைகளில் ஒன்று வெள்ளியாக மின்னும்போது பக்கத்துப் பட்டை சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மாறி மாறி ஒளி ஓடும். மணிக்குறிகள் அச்சடித்தவை அல்ல, தனித்தனியாக வெட்டிப் பதித்த உலோகத் துண்டுகள். முள்ளுக்கு நடுவே நீளவாக்கில் ஒரு முகடு ஓடும், அதனால் ஒரு பாதி பளபளக்கும்போது மறு பாதி கறுப்பாகத் தெரியும். இருட்டில் ஒளிரும் பூச்சு எதுவும் இல்லாமலே மங்கிய வெளிச்சத்தில் நேரம் தெரிவது இதனால்தான். ஆறு மணிக்கு மேலே ஒரு குட்டி நட்சத்திரம். பின்பக்கம் திருப்பினால் ஒரு வானாய்வுக்கூடமும், அதற்கு மேல் வானத்தில் எட்டு நட்சத்திரங்களும் பொறித்த பதக்கம்.

உள்ளே இருக்கும் இயந்திரமும் சளைத்ததல்ல. 60களின் முற்பகுதிக் கான்ஸ்டலேஷனில் கேலிபர் (இயந்திர வகை எண்) 551 அல்லது 561 இருக்கும். தேதி இல்லாதது 551, தேதி உள்ளது 561. செம்பு நிறப் பூச்சு, தேய்மானத்தைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 19,800 துடிப்பு. வினாடிக்கு ஐந்தரை துடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது, எனவே துல்லியத்தில் போட்டியே இல்லை. ஆனால் டயலில் எழுதியிருக்கும் 'குரோனோமீட்டர்' சும்மா அலங்காரம் அல்ல. ஒவ்வொரு இயந்திரமும் அதிகாரபூர்வச் சோதனையில் தேறிய பிறகுதான் அந்த வார்த்தையைப் போட முடியும். ஒழுங்காக சர்வீஸ் செய்தால் அறுபது வயதிலும் ஒரு நாளைக்குச் சில வினாடி வித்தியாசத்துக்குள் ஓடக்கூடியவை உண்டு. பேட்டரி இல்லை, மென்பொருள் புதுப்பிப்பு இல்லை. உங்கள் ஸ்மார்ட்வாட்ச்சை அறுபது வருடம் கழித்து ஓட வைக்க யாராவது இருப்பார்களா?

கான்ஸ்டலேஷன் கை அசைவில் தானாகச் சாவி ஏறும் ரகம், அதனால் கொஞ்சம் தடிமன் இருக்கும். மெலிசாக வேண்டும், சட்டைக் கைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் கையால் சாவி கொடுக்கும் ரகத்தைப் பாருங்கள். 1957-ல் பியாஜே கொண்டுவந்த 9பி இயந்திரத்தின் தடிமன் வெறும் 2 மில்லிமீட்டர். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, சாதாரண ஒமேகா, லாஞ்சின் கைச்சாவி வாட்ச்களே போதுமான அளவு மெலிசு. காலையில் காப்பி ஆறுவதற்குள் இருபது முப்பது சுற்று கொடுத்தால் அன்றைய வேலை முடிந்தது. எனக்குத் தனிப்பட்ட முறையில் கைச்சாவி ரகம்தான் பிடிக்கும். தேதி வேண்டாம், வினாடி முள்கூட வேண்டாம். கல்யாண வீட்டில் யாருக்கு வினாடி தேவை?

இப்போது அந்த 'புத்தம் புதிது மாதிரி' டயல். இதில்தான் உங்களை நிறுத்தி வைக்க நினைக்கிறேன். அறுபது வருடம் காற்று, வெளிச்சம், ஈரம் எல்லாம் பட்ட டயல் பளிச்சென்று இருக்க இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, பெட்டியை விட்டு வெளியே வராமல் இருந்திருக்க வேண்டும். அது அரிது, விலையும் அதற்கேற்ப எகிறும். இல்லையென்றால் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வண்ணம் அடித்து எழுத்தை மறுபடி அச்சடித்திருக்க வேண்டும். இதை 'ரீடயல்' என்பார்கள். அப்படிச் செய்த டயலில் பை-பேனின் கூர்மையான பட்டைகள் மழுங்கியிருக்கும். ஒரு பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலை இல்லை. எழுத்துகளின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கிறதா, அல்லது மை கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் போய் நிற்க வேண்டும், தள்ளி நிற்கக் கூடாது. ஆறு மணிக்கு அடியில் 'சுவிஸ் மேட்' என்று பொடி எழுத்தில் இருக்கும். மறு அச்சில் அதைக் கோணலாகப் போடுவார்கள், சில சமயம் மறந்தே விடுவார்கள். ஒமேகா சின்னமும் கவனிக்க வேண்டியது. அது தனியாகப் பதித்த உலோகத் துண்டாக இருக்க வேண்டிய மாடலில் வெறும் அச்சாக இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை.

வெள்ளி டயல் லேசாகத் தந்த நிறத்துக்குப் போயிருப்பது, ஓரத்தில் நாலைந்து பொட்டு விழுந்திருப்பது, இதெல்லாம் குறையே அல்ல. முகத்தின் நடுவில் பெரிய கறை, பூச்சு உரிந்து நிற்பது, இவை குறை. இடைப்பட்டதை உங்கள் கண்தான் முடிவு செய்ய வேண்டும். நேர்மையான பழைய டயலையும் பளிச்சென்ற மறு அச்சையும் ஒரே விலைக்கு வைத்தால், விவரம் தெரிந்தவர் யாரும் இரண்டாவதைத் தொடமாட்டார்.

இந்தியாவிலிருந்து வரும் வாட்ச்களில் இந்தத் தொல்லை அதிகம். ஃபேவர் லூபா, எச்.எம்.டி. என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் குறைந்த விலைக்கு இணையத்தில் குவிந்து கிடக்கும். சேகரிப்பவர்கள் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என்று கிண்டலாகச் சொல்வார்கள். நீல டயல், சிவப்பு டயல், நிறுவனம் ஒருபோதும் செய்யாத டயல் எல்லாம் கிடைக்கும். அதற்காக எச்.எம்.டி.யை ஒதுக்கிவிடாதீர்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கினார்கள், கடை மூட 2016 ஆனது. அவர்களின் 17 கல் ஜனதா மாடல் ஒன்று கைபடாத டயலோடு ஊரில் அப்பாவின் பீரோவில் கிடந்தால், அதுவே ஒரு முழுமையான டிரெஸ் வாட்ச். ஒமேகா வாங்கும் காசில் சிறு பகுதியைச் செலவழித்து அதைச் சர்வீஸ் செய்து வரவேற்பு மேடையில் கட்டினால் கேட்பவர்களிடம் சொல்ல விஷயமும் இருக்கும்.

கூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பவர்கள் பளபளப்புக்காக மெஷினில் கொடுத்து பாலிஷ் போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் உலோகம் கொஞ்சம் தேய்கிறது. வார் மாட்டும் கொம்புகளின் கூரான விளிம்பு உருண்டு போகும், பின்பக்கப் பதக்கத்தில் வானாய்வுக்கூடம் மொழுக்கென்று ஆகிவிடும். சின்னச் சின்னக் கீறல்களோடு விளிம்பு கூராக இருப்பதே மேல். கான்ஸ்டலேஷனின் பழைய கிரவுன், அதாவது சாவித் திருகு, பத்துப் பட்டை உள்ளது. உருண்டையாக வேறு ஏதோ இருந்தால் மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது ஒன்றும் பெரிய குற்றமல்ல, ஆனால் விலையைக் குறைக்கக் கேட்கலாம்.

தங்கம் என்று சொன்னால் என்ன தங்கம் என்று கேளுங்கள். நமக்கு 916 பார்த்துப் பழக்கம். சுவிஸ் வாட்ச்சில் 18 காரட்தான் வழக்கம், அதாவது 750. பழைய கூட்டின் உட்புறத்தில் ஹெல்வெட்டியா என்ற பெண் தலை முத்திரை இருக்கும். 14 காரட் என்றால் அணில் முத்திரை, எண் 585. இவை இல்லாமல் '20 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாம். ஒமேகா ஸ்டீல் கூட்டின் மேல் தடித்த தங்கத் தகடு போர்த்திய வகையையும் நிறைய செய்தது. பார்க்க அருமையாக இருக்கும், விலை முழுத் தங்கத்தில் பாதிகூட வராது. உங்கள் முதல் வாட்ச்சுக்கு நான் ஸ்டீலைத்தான் சொல்வேன்.

எங்கே பார்ப்பது? சுங்கை ரோடு திருட்டுச் சந்தை 2017 ஜூலையோடு போய்விட்டது. அங்கே தரையில் விரித்த துணியில் வாட்ச் பொறுக்கிய காலம் இனி இல்லை. சிட்டி ஹால் எம்.ஆர்.டி. பக்கத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய வாட்ச் கடைகள் உண்டு. கேமராவும் கித்தாரும் விற்கும் கடைகளுக்கு நடுவே இருக்கும். ஃபார் ஈஸ்ட் பிளாசா, லக்கி பிளாசாவிலும் சுற்றிப் பார்க்கலாம். அடகுக்கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளையும் விடாதீர்கள். அங்கே ரோலெக்ஸ் மேல்தான் எல்லார் கண்ணும், ஒரு மூலையில் சின்ன டிரெஸ் வாட்ச் கேட்பாரற்றுக் கிடக்கும். சீனப் பெரியவர்கள் விரும்பிக் கட்டிய டிட்டோனி, பிளம் பூச் சின்னம் போட்டது, அந்தக் காலத்தில் இங்கே நன்றாக விற்ற பெயர். இன்றும் மலிவு. அதையும் புரட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 400 வெள்ளிக்கு மேல் உள்ள பொருளுக்கு வரும்போதே 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒமேகாதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இன்னும் இரண்டைச் சொல்கிறேன். யுனிவர்சல் ஜெனீவின் போல்ரூட்டர் 1954-ல் வந்தது. ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.ஸின் விமானங்கள் வட துருவப் பாதையில் பறக்கத் தொடங்கியதை ஒட்டிச் செய்தது. வடிவமைத்த ஜெரால்ட் ஜென்டாவுக்கு அப்போது வயது 23. முறுக்கிய கொம்புகள் கொண்ட அந்தக் கூடு எந்தக் கையிலும் அழகாக உட்காரும். இன்னொன்று செய்கோ. 1960-ல் வந்த முதல் கிராண்ட் செய்கோ விலை ஏறிவிட்டது, ஆனால் 1961-ல் தொடங்கிய கிங் செய்கோ வரிசையில் கைச்சாவி மாடல்கள் இன்னும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. வேலைப்பாட்டில் சுவிஸ்காரனுக்குக் குறைந்தவை அல்ல. பணத்துக்கு மதிப்பு என்று பார்த்தால் ஒமேகாவை விட அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எதை வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இணையத்தில் என்றால் இயந்திரத்தின் படமும் மூடியின் உட்புறப் படமும் கேளுங்கள். ஒமேகாவில் இயந்திரத்தில் வரிசை எண் இருக்கும், மூடிக்குள் மாடல் எண் இருக்கும். 167.005 என்றால் தேதி இல்லாதது, 168.005 என்றால் தேதி உள்ளது. மூடியில் 167 இருந்து டயலில் தேதி ஜன்னல் இருந்தால் இரண்டு மூன்று வாட்ச்சின் உதிரிகளை ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். சாவித்தண்டு நுழையும் இடத்தில் துரு இருக்கிறதா, திருகாணிகளின் பள்ளம் சிதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். படம் தர முடியாது, திறந்தால் கெட்டுவிடும் என்று சாக்குச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். உங்களுக்கு இணையத்தில் விற்கும் அந்த ஆள் என்ன சொல்கிறார் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

வேர்வைக்குத் தாங்குமா என்றீர்கள். தினமும் கட்டினால் தாங்காது. இங்கே காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுக்கச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். பழைய வாட்ச்சில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் எப்போதோ இறுகிப் போயிருக்கும். பின்மூடியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதியிருந்தாலும் அது அறுபது வருடத்துக்கு முந்தைய பேச்சு. கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். மழையில் ஓடி பஸ் பிடிக்கும் நாளில் வீட்டிலேயே விடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிக்கும், அது போகட்டும். உள்பக்கம் பனித்தால் ஈரம் புகுந்துவிட்டது. அன்றைக்கே வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள், ஒரு வாரம் விட்டால் டயல் போய்விடும். டயல் போனால் நீங்கள் காசு கொடுத்த விஷயமே போய்விட்டது. வீட்டில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது.

வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் வேகமாக ஓடினால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். போன் உறை, ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு எல்லாம் காரணம். கடையில் ஒரு நிமிடத்தில் காந்தம் நீக்கிக் கொடுப்பார்கள். முழு சர்வீஸுக்குச் சில நூறு வெள்ளி ஆகும், அதை வாங்கும் விலையிலேயே ஒதுக்கி வையுங்கள். 'சர்வீஸ் ஆனது' என்று விற்பவர் சொன்னால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் ஆகவில்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'டயலையும் கூட்டையும் தொடாதீர்கள், பாலிஷ் வேண்டாம்' என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். நல்லெண்ணத்தில் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுபவர்கள் உண்டு.

கடைசியாக வார். பெரும்பாலான கான்ஸ்டலேஷனுக்கு 18 மில்லிமீட்டர் வார் பொருந்தும், ஆனாலும் அளந்து வாங்குங்கள். வேட்டி சட்டைக்கு அடர் பழுப்பு, கோட்டுக்குக் கறுப்பு. தோல் வார் இந்த ஊரில் சீக்கிரம் நாறிப் போகும், கழற்றியதும் துடைத்துக் காற்றாட வையுங்கள். வரவேற்புக்கு இரண்டு வாரம் முன்பே கட்டிப் பழகிவிடுங்கள், புது வார் முதல் சில நாள் கையை அறுக்கும்.